ஃபீவரிஷ், ஃபெப்ரைல், அஃபெப்ரைல்: காய்ச்சல் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தமிழர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் நர்சிங் படிக்கிற பெண்கள். மீதிப்பேர் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவர்கள், ஐடி கம்பெனிக்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிற இரண்டு அண்ணன்கள். மழை தொடங்கி டெங்கு பயமும் வந்துவிட்டால் வகுப்பில் ஒரே சொல்லைச் சுற்றித்தான் கேள்விகள் வரும்: ஃபீவரிஷ். அதன் பின்னாலேயே ஃபெப்ரைல், ஹெக்டிக், டெலிரியஸ் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

ஃபீவரிஷ் என்றால் காய்ச்சலா, பரபரப்பா?

இரண்டும்தான். எந்தப் பொருள் என்பதை அந்தச் சொல் நிற்கிற இடம் சொல்லிவிடும். ஆளைப் பற்றி, வாக்கியத்தின் கடைசியில் வந்தால் பெரும்பாலும் உடம்பு: ‘ஹி இஸ் ஃபீவரிஷ்’, ‘ஐ ஃபீல் ஃபீவரிஷ்’. ஒரு வேலை, வேகம், ஏற்பாடு ஆகியவற்றுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் பரபரப்பு: ‘ஃபீவரிஷ் ஆக்டிவிட்டி’, ‘ஃபீவரிஷ் பேஸ்’, ‘ஃபீவரிஷ் பிரிபரேஷன்ஸ்’. வேலைக்குக் காய்ச்சல் வராது இல்லையா, அதனால் குழப்பமே இல்லை.

‘ஃபீவரிஷ் சைல்ட்’ என்றால் மட்டும் முன்னால் வந்தாலும் காய்ச்சல்காரக் குழந்தைதான். உடம்பு உள்ள எதற்கும் முதல் பொருள் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கே பரபரப்பு என்று சொல்ல வேண்டுமானால் காரணத்தையும் சேர்க்க வேண்டும்: ‘ஃபீவரிஷ் வித் எக்ஸைட்மென்ட்’. அது இல்லாமல் ‘நாளைக்கு டூர் போறோம், ஐ ஆம் ஸோ ஃபீவரிஷ்’ என்று தோழிக்கு மெசேஜ் போட்டால், அவள் பாராசிட்டமால் எடுத்துக்கொள் என்றுதான் பதில் போடுவாள்.

‘ஐ ஹேவ் ஃபீவர்’ என்பதற்கும் ‘ஐ ஃபீல் ஃபீவரிஷ்’ என்பதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விக்கு நம் வீடுகளிலேயே பதில் இருக்கிறது. ‘காய்ச்சல் அடிக்குது’ என்பது ஒன்று. ‘காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு’, ‘உள்காய்ச்சலா இருக்கு’, ‘உடம்பு கதகதங்குது’ என்பது இன்னொன்று. முதலாவது ஃபீவர், இரண்டாவது ஃபீவரிஷ்.

ஆங்கிலத்தில் ‘இஷ்’ என்ற வால் பல இடங்களில் ‘அது போல, கொஞ்சம் அப்படி’ என்ற சாயலைத் தருகிறது. ரெட் சிவப்பு என்றால் ரெட்டிஷ் சிவப்புச் சாயல். ஃபீவரிஷ் என்பதிலும் அந்தச் சாயல் உண்டு. அதற்காக லேசான காய்ச்சலுக்கு மட்டும்தான் அந்தச் சொல் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகக் கொதிக்கிற உடம்பையும் ஃபீவரிஷ் என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் இந்த வித்தியாசம் முக்கியம். பொதுவாக 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று கணக்கு வைக்கிறார்கள். தெர்மாமீட்டர் 99 காட்டும்போது உங்களுக்கு முதுகில் குளிர் ஓடலாம், கண் எரியலாம், மேலெல்லாம் வலிக்கலாம். அப்போது ‘ஐ ஹேவ் ஃபீவர்’ என்று சொன்னால் டாக்டர் எத்தனை டிகிரி என்றுதான் முதலில் கேட்பார். ‘ஐ ஹேவ் பீன் ஃபீலிங் ஃபீவரிஷ் சின்ஸ் லாஸ்ட் நைட்’ என்றால் நீங்கள் உணர்வதைச் சொல்கிறீர்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும். இந்த ஒரு வாக்கியத்தை நான் எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைக்கிறேன்.

அக்குளில் வைத்துப் பார்த்தால் வாயில் வைப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அஃபெப்ரைல்’ என்று போட்டிருக்கிறது. காய்ச்சலோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா?

இல்லை. காய்ச்சல் இல்லை என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு ஒரு பெண்ணின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும்.

லிங்கராஜபுரத்திலிருந்து வருகிறவர், கார்மென்ட்ஸில் டெய்லர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். கையில் பிளாஸ்டிக் ஃபைல். ஏழு வயதுப் பையனை முந்தின நாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்திருக்கிறார். ஃபைலைத் திறந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். கடைசிப் பத்தியில் ஒரு வரியைச் சுற்றி நீல பால்பாயின்ட் பேனாவால் வட்டம். பேனா அழுந்தி அழுந்தி அந்த இடத்தில் தாள் கிழிகிற நிலைக்கு வந்திருந்தது. ‘பேஷன்ட் இஸ் அஃபெப்ரைல், ஆக்டிவ், டேக்கிங் ஓரலி வெல்.’

“மிஸ், ஃபெப்ரைல்னா என்னன்னு போன்ல பாத்தேன். காய்ச்சல் உள்ளன்னு போட்டிருக்கு. ஓசூர்ல எங்க அண்ணன்கிட்ட போன்ல படிச்சுக் காட்டினேன். ‘அ ஃபெப்ரைல்’னா ஒரு காய்ச்சல்னு அர்த்தம்மான்னு சொல்லிட்டாரு. ராத்திரி பூரா மணிக்கொரு தடவை நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ஜில்லுன்னுதான் இருந்துச்சு. தெர்மாமீட்டர்தான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்.”

அவர் மேலும் தப்பில்லை, அண்ணன் மேலும் தப்பில்லை. ‘அ’ தனியாக நின்றால் ஆங்கிலத்தில் ‘ஒரு’. ஒட்டிக்கொண்டு நின்றால், இந்த மாதிரி மருத்துவச் சொற்களில், ‘இல்லாத’. எழுதும்போது நடுவில் இருக்கிற சின்ன இடைவெளிதான் வித்தியாசம். போனில் படித்துக் காட்டும்போது அந்த இடைவெளி காதில் விழவே விழாது. நோயாளியின் கையில் போகிற தாளில் ‘நோ ஃபீவர்’ என்று இரண்டு சொல்லில் எழுதினால் ஒரு தாய் ஒரு ராத்திரி தூங்கியிருப்பார். நர்சிங் படிக்கிற பெண்களிடம் இதை நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: தாளில் எழுதியிருப்பது போதாது, வாயால் சொல்லுங்கள். கன்னடத்தில் ‘ஜ்வர இல்ல’ என்று சொன்னால்கூட நம் ஆட்களுக்குப் புரியும்.

ஞாபகத்தில் நிற்க ஒரு வழி உண்டு. நீதி–அநீதி, சைவம்–அசைவம், சுத்தம்–அசுத்தம் என்று வடமொழியிலிருந்து வந்த சொற்களில் ‘அ’ முன்னால் சேர்ந்தால் எதிர்ப்பதம் ஆகிறது அல்லவா? அஃபெப்ரைலில் இருப்பது கிரேக்க ‘அ’. கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பம், இரண்டு ‘அ’வும் அக்கா தங்கை. அசைவம் தெரிந்தவருக்கு அஃபெப்ரைல் தெரியும். அந்த டெய்லர் பெண்ணுக்கு இதைத்தான் சொன்னேன். தாளை மறுபடி மடித்து ஃபைலில் வைக்கும்போது ‘அசைவம், அஃபெப்ரைல்’ என்று இரண்டு தடவை முணுமுணுத்துக்கொண்டார்.

அப்படியென்றால் அஃபெப்ரைல் ஆனால் குணமாகிவிட்டது என்று அர்த்தமா?

கிடையாது. காய்ச்சல் இல்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். டெங்குவில் இதைத் தப்பாகப் புரிந்துகொள்வது ஆபத்து. டெங்கு காய்ச்சல் சாதாரணமாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இறங்கும். இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் சிலருக்கு மோசமான கட்டம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் விழுவது அப்போதுதான். உடம்பு ஜில்லென்று ஆனதும் ‘விட்ருச்சு’ என்று எழுந்து வேலைக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அஃபெப்ரைல் என்ற சொல்லை நம்பி உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஃபெப்ரைலை எப்படி உச்சரிப்பது?

பிரிட்டிஷ்காரர்கள் ‘ஃபீப்ரைல்’, அமெரிக்கர்கள் ‘ஃபெப்ரைல்’ அல்லது ‘ஃபெப்ரில்’. பெங்களூர் வார்டுகளில் என் காதில் விழுவது பெரும்பாலும் ஃபெப்ரைல்தான். எப்படிச் சொன்னாலும் சரி.

லத்தீனில் காய்ச்சலுக்கு ஃபெப்ரிஸ் என்று பெயர். ஃபீவர், ஃபெப்ரைல் இரண்டுக்கும் அதுதான் ஊற்று. பழைய ரோமில் ஃபெப்ரிஸ் என்று காய்ச்சலுக்கே ஒரு தேவதை இருந்தாள், பாலடைன் குன்றில் அவளுக்குக் கோயில் இருந்தது. நமக்கு இது புதிதில்லை. 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. பிளேக் அம்மன் கோயில்கள் இந்த ஊரில் இன்றும் இருக்கின்றன.

குழந்தைக்கு ‘ஃபெப்ரைல் சீஷர்’ என்கிறார்கள். அது காக்காய் வலிப்பா?

பெரும்பாலும் இல்லை. சீஷர் என்றால் வலிப்பு. இங்கே ஃபெப்ரைல் என்பது ‘காய்ச்சலோடு வருகிற’ என்று காரணத்தைச் சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது இப்படி வருவதுண்டு. பார்க்கிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும், இப்படி வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பிற்பாடு வலிப்பு நோய் வருவதில்லை.

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது, பல்லுக்கு நடுவே கரண்டி வைப்பது, தண்ணீர் புகட்டுவது எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. சீக்கிரம் நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். போகிற வழியில் போனில் சொல்ல வேண்டியது: ‘மை சைல்ட் ஹேட் எ சீஷர் வித் ஃபீவர்.’ ஃபெப்ரைல் என்று நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அது டாக்டர் எழுதிக்கொள்கிற சொல்.

பரபரப்பு என்ற பொருளில் ஃபீவரிஷை எங்கே போடலாம்?

சிவாஜிநகர் செயின்ட் மேரிஸ் பசிலிக்காவைப் பாருங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா திருவிழா, தேர்ப் பவனி. கொடியேற்றத்துக்கு முந்தின இரண்டு நாள் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் சீரியல் லைட்டு கட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் மெழுகுவர்த்திக் கடைக்குப் பலகை அடிக்கிறார்கள், காவித் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது, யாரைக் கேட்டாலும் ‘டைம் இல்ல’. அதுதான் ‘ஃபீவரிஷ் பிரிபரேஷன்ஸ்’. தமிழில் மும்முரமான ஏற்பாடுகள்.

தேர்தல் நேரத்து ‘ஃபீவரிஷ் கேம்பெய்ன்’ நம் பத்திரிகைகளில் அனல் பறக்கும் பிரசாரம். ‘ஃபீவரிஷ் ஹேஸ்ட்’ என்றால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு பறப்பது. நம் மொழியும் பரபரப்பைச் சூட்டோடுதான் சேர்த்து வைத்திருக்கிறது பாருங்கள், அனலும் வெந்நீரும் கொதிப்பும். அதனால் ஃபீவரிஷை ‘காய்ச்சல் போன்ற வேகம்’ என்று எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இவ்வளவு நல்ல சொற்கள் கையில் இருக்கும்போது அது எதற்கு?

ஆனால் ஃபீவரிஷ் ஒரு பாராட்டுச் சொல் இல்லை. அதில் அவசரம் உண்டு, கொஞ்சம் பதற்றம் உண்டு, இந்த வேகம் ரொம்ப நாள் தாங்காது என்ற எண்ணமும் உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிற ஒரு தம்பி தன் அப்ரைசல் ஃபாரத்தில் ‘ஐ ஆம் எ ஃபீவரிஷ் வொர்க்கர்’ என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினான். சுறுசுறுப்பானவன் என்று சொல்ல நினைத்திருக்கிறான். படிக்கிற மேனேஜருக்கு ‘எப்போதும் உடம்பு சரியில்லாதவன்’ என்றோ ‘நிதானம் இல்லாதவன்’ என்றோதான் தோன்றும். அதை அடித்துவிட்டு ‘ஹார்ட்வொர்க்கிங்’ என்று எழுத வைத்தேன். ஒரு குறிப்பிட்ட வேலையைப் பற்றி, ‘வீ வொர்க்டு ஃபீவரிஷ்லி டு ஃபினிஷ் பிஃபோர் த டெட்லைன்’ என்று எழுதினால் சரி. வேலை அப்படி நடக்கலாம். மனிதன் எப்போதும் அப்படி இருக்கக் கூடாது.

‘என் மேல அவனுக்கு என்ன காய்ச்சல்?’ என்பதை ஃபீவரிஷ் போட்டுச் சொல்லலாமா?

முடியாது. அங்கே நம் காய்ச்சல் பொறாமை, எரிச்சல். ஆங்கில ஃபீவருக்கு அந்தப் பொருள் கிடையாது. ‘ஜெலஸ்’ அல்லது ‘ஹி ஹேஸ் எ க்ரட்ஜ் அகெய்ன்ஸ்ட் மீ’. கிரிக்கெட் ஜுரம், தேர்தல் ஜுரம் மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுபோலப் போகும்: ‘கிரிக்கெட் ஃபீவர்’, ‘எலெக்‌ஷன் ஃபீவர்’. கவனியுங்கள், அங்கே ஃபீவர்தான், ஃபீவரிஷ் இல்லை.

ஹெக்டிக் என்பதும் காய்ச்சல் சொல்லா? நாங்கள் தினமும் சொல்கிறோமே.

ஆமாம், இதைச் சொன்னால் வகுப்பில் யாரும் நம்புவதில்லை. சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு வந்து ‘இன்னிக்கு ரொம்ப ஹெக்டிக்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல் காசநோய்க்காரர்களின் காய்ச்சலுக்கு வைத்த பெயர். கிரேக்கத்தில் வழக்கமான, உடம்போடு ஊறிப்போன என்று பொருள். காலையில் இறங்கி, சாயங்காலம் ஏறி, தினமும் விடாமல் வருகிற காய்ச்சல். ஆள் இளைத்துக்கொண்டே போவார், கன்னம் மட்டும் சிவந்திருக்கும். அந்தச் சிவப்புக்கு ‘ஹெக்டிக் ஃப்ளஷ்’ என்றே பெயர். கன்னம் சிவந்து, கண் பளபளத்து, நிலைகொள்ளாமல் இருக்கிற அந்தத் தோற்றத்திலிருந்துதான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஓயாத பரபரப்பு’ என்ற இன்றைய பொருள் வந்தது.

டாக்டர்கள் ஏற்ற இறக்கம் அதிகமுள்ள காய்ச்சலை இன்றும் எப்போதாவது ஹெக்டிக் ஃபீவர் என்பார்கள். நாம் நோயாளியைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது. நாள், வாரம், ஷெட்யூல் ஹெக்டிக்காக இருக்கலாம், ஆள் ஹெக்டிக்காக இருக்க முடியாது. ‘ஐ ஆம் ஹெக்டிக்’ தவறு, ‘மை டே வாஸ் ஹெக்டிக்’ சரி.

டெலிரியஸ்?

காய்ச்சல் தலைக்கேறிப் பிதற்றுகிற நிலை. நம் பாட்டிமார் ‘ஜன்னி கண்டிருச்சு’ என்பார்களே, அதற்குப் பக்கத்தில் வரும். மகிழ்ச்சி தலைக்கேறினாலும் அதே சொல்: ‘டெலிரியஸ் வித் ஜாய்’. 2025 ஜூன் 3 அன்று ஆர்.சி.பி. முதல் தடவையாக ஐபிஎல் கோப்பையை ஜெயித்த ராத்திரி, பதினெட்டு சீசன் காத்திருந்த இந்த ஊர் டெலிரியஸாகத்தான் இருந்தது. விடிய விடிய வெடிச் சத்தம். மறுநாள் சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அந்த உதாரணத்தை வகுப்பில் சொல்லும்போது என் குரல் இறங்கிவிடுகிறது. பத்திரிகைகள் ‘ஃபெப்ரைல் அட்மாஸ்ஃபியர்’ என்று எழுதுவது இந்த மாதிரி கொதிநிலையைத்தான்: எல்லோரும் உச்சத்தில் இருக்கிறார்கள், எது வேண்டுமானாலும் நடக்கலாம். ஃபெப்ரைலை உடம்புக்கு வெளியே பயன்படுத்தினால் இந்த எச்சரிக்கையும் அதோடு வரும்.

டெலிரியஸின் வேர் எனக்கு மிகவும் பிடித்தது. லத்தீனில் ‘லீரா’ என்றால் உழவுச் சால். ‘டெ’ என்றால் விலகி. சாலை விட்டு விலகிப்போன ஏர். தருமபுரிப் பக்கம் ஏர் பிடித்த ஒரு பெரியவர், வகுப்புக்குப் பேத்தியைக் கொண்டுவந்து விடுகிறவர், இதைக் கேட்டுவிட்டு “மாடு மெரண்டா சால் கோணும்மா, ஆளு மெரண்டா பேச்சு கோணும்” என்றார். இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.

லீவுக்கு ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்’ என்று எழுதலாமா?

பெங்களூரில் எல்லா ஆபீசிலும் இது ஓடுகிறது, யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் வெளிநாட்டு மேனேஜருக்கு எழுதினால் ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’ என்று எழுதுங்கள், அதுதான் இயல்பான ஆங்கிலம். லண்டன்காரர் என்றால் ‘ஐ ஹேவ் எ டெம்பரேச்சர்’ என்றாலும் காய்ச்சல் என்றுதான் எடுத்துக்கொள்வார். டெம்பரேச்சர் எல்லோருக்கும்தானே உண்டு என்று ஆட்டோ அண்ணன் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

உடம்பு கதகதவென்று இருக்கிறது, இன்னும் தெர்மாமீட்டர் வைக்கவில்லை என்றால் இதை அப்படியே எழுதலாம்: ‘ஐ ஹேவ் பீன் ஃபீலிங் ஃபீவரிஷ் சின்ஸ் லாஸ்ட் நைட் அண்ட் வில் நாட் பி ஏபிள் டு கம் இன் டுடே.’ அனுப்பிவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, மிளகு ரசம் வைத்துக் குடித்துப் படுங்கள். சாயங்காலம் மறுபடி டெம்பரேச்சர் பாருங்கள்.